ஊதா விளிம்பும் ஊதா மையும்

எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெரியவர் ஒருவர் தம் வீட்டில் காத்துவந்த சிற்றிதழ்த் தொகுப்புகளை நாங்கள் நால்வர் முறைவைத்துப் படமெடுத்தோம். எழுபதுகளில் சில ஆண்டுகள் வெளிவந்து நின்றுபோன இதழ் அது. ஆண்டுவாரியாக பைண்டு செய்து வைத்திருந்தார். இதழில் அச்சாகியிருந்தவற்றை விடவும் அதன் ஓரங்கள் எங்களை ஈர்த்தன. பெரியவர் தம் கருத்துகளைக் கறுப்பு மையில் எழுதியிருந்தார். அவரிடம் இரவல் வாங்கிப் படித்துத் திருப்பிக்கொடுத்துவந்த அவருடைய நண்பர், அதே ஓரங்களில் ஊதா மையில் எழுதியிருந்தார். ஒருவர் வியந்து கோடிட்ட வரிக்கு மற்றவர் கேள்விக்குறி இட்டிருப்பார். ஒருவர் 'நன்று' என்றதை மற்றவர் அடித்திருப்பார். இரண்டு வாசகர்களின் பல்லாண்டு உரையாடல் அது. நண்பர் அப்போதே காலமாகியிருந்தார்.

படமெடுத்த இடம் சன்னலோரத்து மேசை. விளக்குகள் கொண்டுசெல்லவில்லை. மாலை வெளிச்சம் குறையக் குறைய, லென்ஸின் துளையை எஃப்/2 வரை திறந்தோம். பைண்டு செய்த நூல் மேசையில் தட்டையாகக் கிடக்காது. நடுமடிப்பை நெருங்கும்போது தாள் ஒருமுறை மேலெழுந்து, பின் பள்ளத்தில் இறங்கும். எழுந்த இடத்து எழுத்துகளைச் சுற்றி ஊதாச் சாயல் படிந்திருந்தது. பள்ளத்து எழுத்துகளைச் சுற்றிப் பச்சை. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது துணுக்குற்றோம். ஆனால் மென்பொருளில் அதற்கொரு வசதி இருந்தது. 'விளிம்பு நிறம் நீக்குக' என்றொரு நழுவுகோல். அதை ஒரு பக்கத்தில் இழுத்துப் பார்த்தோம், ஊதா மறைந்தது. அறுநூற்றுச் சொச்சம் பக்கங்களுக்கும் ஒரே கட்டளையில் அதைச் செலுத்தினோம். வன்தட்டில் இடம் போதாமையால் மூலக்கோப்புகளை அழித்து, திருத்திய படங்களை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பெரியவர் மறைந்த பின், வீட்டை மாற்றும் அவசரத்தில் அந்தத் தொகுப்புகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன என்று தெரியவந்தது. நல்லவேளை, நம்மிடம் படங்கள் உள்ளன என்று ஆறுதலடைந்தோம். குறிப்புகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதலாமென்று கோப்புகளைத் திறந்த அன்றுதான் கண்டோம்: கறுப்பு மையும் ஊதா மையும் ஒன்றேபோல் சாம்பல் நிறமாக இருந்தன. நீண்ட குறிப்புகளைக் கையெழுத்தைக் கொண்டு பிரித்துவிடலாம். கோடுகளையும், கேள்விக்குறிகளையும், அடித்தல்களையும் எதைக்கொண்டு பிரிப்பது? லென்ஸின் ஊதா எது, மனிதரின் ஊதா எது என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு ஊதா என்றால் பிழை.

அதன் பிறகே, நாங்கள் திருத்த முயன்ற குறைதான் என்ன, அதற்கு முறையான திருத்தம் எது என்று படிக்கத் தொடங்கினோம். படித்ததன் பயனாக எமக்கு ஒரு கருத்து உண்டாகியிருக்கிறது. மென்பொருள் வந்துவிட்ட காலத்தில் அபோகுரோமாட் லென்ஸ் என்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு எனப் பலரும் சொல்கின்றனர். நாங்களும் அவ்வாறே நம்பியிருந்தோம். இன்று அதை மறுக்கிறோம். ஏன் என்பதை முறையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

*

பள்ளிப் பாடத்தில் அனைவரும் படித்ததே. முப்பட்டகத்தின் வழியே செல்லும் வெள்ளொளி வண்ணங்களாகப் பிரிகிறது. நீலம் அதிகம் வளைகிறது. சிவப்பு குறைவாக வளைகிறது. குவிலென்ஸ் என்பதும் விளிம்பு தேய்த்த முப்பட்டகமே. ஆகவே ஒரே பொருளின் நீலப் பிம்பம் லென்ஸுக்கு அருகிலும் சிவப்புப் பிம்பம் சற்றுத் தள்ளியும் விழுகின்றன. இதுவே நிறப்பிறழ்ச்சி.

இதில் இரு வகை உண்டு என்பதுதான் நாங்கள் அறியாதிருந்தது. முதல் வகையில், வெவ்வேறு நிறப் பிம்பங்கள் ஒரே தளத்தில் தெளிவாக விழுகின்றன. ஆனால் அவற்றின் அளவு வேறுபடுகிறது. சிவப்புப் பிம்பம் நீலத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். படத்தின் நடுவில் இது தெரியாது. மூலைகளில் மட்டும் வண்ணக்கரை தெரியும். இதைப் பக்கவாட்டுப் பிறழ்ச்சி எனலாம். இரண்டாம் வகையில், நிறப் பிம்பங்கள் வெவ்வேறு ஆழத்தில் விழுகின்றன. ஒரு நிறம் கூர்மையாக இருக்குமிடத்தில் மற்றொன்று மங்கலாக விரிந்திருக்கும். இது அச்சுவழிப் பிறழ்ச்சி. படத்தின் எல்லா இடத்திலும், நட்டநடுவிலும் கூட, இது இருக்கும். துளையைத் திறக்கத் திறக்க மிகும்.

முதல் வகையைக் கணினி செம்மையாகத் திருத்தும். மூன்று நிறத்தளங்களில் ஒன்றைச் சிறிது சுருக்கி, மற்றொன்றைச் சிறிது விரித்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிட்டால் போதும். தகவல் அனைத்தும் இருக்கிறது. இடம் மட்டுமே பிறழ்ந்திருக்கிறது. இன்றைய கேமராக்கள் பலவற்றில் படம் திரைக்கு வருமுன்பே இது நடந்துவிடுகிறது. இதில் எமக்கு எந்த முணுமுணுப்பும் இல்லை.

இரண்டாம் வகை அத்தகையதன்று. அங்கே ஒரு நிறத்தின் தகவல் மங்கிக் கலைந்துவிட்டது. அதைக் கூட்டிச் சேர்க்க எளிய வழி இல்லை. ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் சுருக்கமான வழியொன்றை மேற்கொள்கின்றன. கருமையும் வெண்மையும் சந்திக்கும் விளிம்புகளைத் தேடி, அங்கே ஊதாவோ பச்சையோ தென்பட்டால் அதன் நிறச்செறிவை வடித்துவிடுகின்றன. நிறம் போய்விடும். மங்கல் அப்படியே இருக்கும், சாம்பல் வண்ணத்தில். வெள்ளைத் தாளின்மேல் ஊதா மையில் எழுதிய மெல்லிய கோடு முழுவதுமே விளிம்புதான் அல்லவா? எங்கள் பக்கங்களில் நிகழ்ந்தது அதுவே.

*

இக்குறையைக் கண்ணாடியிலேயே திருத்தலாம் என்று கண்டறிய மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாறு எந்தப் புதினத்துக்கும் இளைத்ததன்று.

பதினேழாம் நூற்றாண்டின் வானியலாளர்கள் இக்குறையோடு வாழ ஒரு வழி கண்டிருந்தனர். லென்ஸின் வளைவைக் குறைத்துக் குவியத்தொலைவை மிக நீட்டினால் வண்ணக்கரை அவ்வளவாக உறுத்தாது. ஆகவே தொலைநோக்கிகள் நீண்டன. டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் அமைத்த ஒன்று 150 அடி நீளம். கம்பத்தில் கயிறு கட்டித் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது, காற்றடித்தால் ஆடியது.

வெள்ளொளியின் இயல்பை விளக்கிய நியூட்டனே இதற்கு விடிவில்லை என்று தீர்ப்பளித்தார். எந்தப் பொருளாயினும் ஒளியை எவ்வளவு வளைக்கிறதோ அவ்வளவுக்கு வண்ணங்களையும் பிரிக்கும் என அவர் கருதினார். அப்படியாயின் ஒரு லென்ஸின் நிறப்பிரிகையை மற்றொரு லென்ஸால் ஈடுசெய்யும்போது, வளைவும் முற்றும் ஈடாகிப்போகும். லென்ஸ் வெறும் சன்னல் கண்ணாடியாகிவிடும். எனவே அவர் லென்ஸைக் கைவிட்டு, 1668இல் ஆடியைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். 1704இல் வெளிவந்த அவரது ஒளியியல் நூல் இத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. சொன்னவர் நியூட்டன். யார் மறுப்பார்?

மறுத்தவர் ஒரு வழக்கறிஞர். எஸ்ஸெக்ஸைச் சேர்ந்த செஸ்டர் மூர் ஹால். மனிதக் கண்ணில் பலவகை நீர்மங்கள் உள்ளன. அவை ஒன்றன் குறையை ஒன்று ஈடுசெய்வதால்தான் நாம் வண்ணக்கரையின்றிக் காண்கிறோம். ஆகவே இருவகைக் கண்ணாடிகளைக் கொண்டும் அதைச் செய்ய இயலும் என்று அவர் எண்ணினார். 1730களின் தொடக்கத்தில் செய்தும் காட்டினார். சாதாரணக் கிரவுன் கண்ணாடியில் ஒரு குவிலென்ஸ், ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடியில் ஒரு குழிலென்ஸ். ஃபிளின்ட் ஒளியைச் சற்றே அதிகம் வளைக்கிறது. ஆனால் வண்ணங்களை மிக அதிகம் பிரிக்கிறது. ஆகவே வலுக்குறைந்த ஃபிளின்ட் குழிலென்ஸே கிரவுனின் வண்ணங்களைக் கூட்டிச் சேர்த்துவிடும். குவிக்கும் ஆற்றலில் மிச்சம் இருக்கும்.

இதில் எம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. ஹாலின் முடிபு சரி. அவர் கொண்ட ஆதாரம் பிழை. நம் கண் வண்ணக்குறை நீங்கிய கருவியே அல்ல. சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு டயாப்டர் வேறுபாடு அதில் உண்டு. மூளைதான் அதைப் பொருட்படுத்தாமல் காண்கிறது. ஆய்வு செய்த நியூட்டன் தவறான முடிவுக்கு வந்தார். பிழையான நம்பிக்கையிலிருந்து புறப்பட்ட வழக்கறிஞர் சரியான இடத்தை அடைந்தார். அறிவின் வரலாறு நேர்க்கோட்டில் நடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஹால் தம் இரகசியத்தைக் காக்க எண்ணி, இரு லென்ஸ்களையும் இருவேறு கடைகளில் செய்யக் கொடுத்தாராம். இரு கடைக்காரர்களும் வேலையை ஒரே ஆளிடம், ஜார்ஜ் பாஸ் என்பவரிடம், உள்குத்தகைக்கு விட்டனர். இரண்டும் ஒரே வாடிக்கையாளருக்கு உரியவை என்று பாஸ் கண்டுகொண்டார், சேர்த்துவைத்துப் பார்த்தார், வண்ணக்கரை இல்லை. வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. ஹால் இதைப் பெரிதாக வெளியிடவுமில்லை, காப்புரிமை கோரவுமில்லை.

கோரியவர் ஜான் டாலண்ட். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளராக இருந்து ஒளியியலுக்கு வந்தவர். முதலில் நியூட்டன் பக்கம் நின்று ஆய்லரோடு வாதிட்டார். பின்னர் ஸ்வீடனைச் சேர்ந்த கிளிங்கன்ஸ்டியர்னா நியூட்டனின் முடிபில் பிழை உள்ளதென்று காட்டியபின், தாமே முப்பட்டகங்களை வைத்துச் சோதித்து மனம் மாறினார். 1758இல் காப்புரிமை பெற்றார். அவர் மறைவுக்குப் பின் அவர் மகன் பீட்டர் பிற லென்ஸ் தொழிலாளர்கள்மீது வழக்குத் தொடுத்தார். ஹால் முன்பே செய்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1766இல் தீர்ப்பு டாலண்ட் பக்கமே சென்றது. கண்டுபிடிப்பை மேசைக்குள் பூட்டிவைத்தவருக்கு உரிமை இல்லை, மக்களுக்குப் பயன்படும்படி வெளிக்கொணர்ந்தவருக்கே உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம். அது நியாயமா என்பதில் எங்கள் நால்வருக்குள்ளேயே இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.

*

டாலண்ட் விற்றது அகுரோமாட் லென்ஸ்; 'நிறமற்றது' என்று பொருள். பெயர் உண்மையைவிடச் சற்றுப் பெரியது. அது இரண்டு நிறங்களைத்தான் ஒரே இடத்தில் சேர்க்கிறது.

எண்களில் சொன்னால் விளங்கும். 200 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட தனிக் கிரவுன் லென்ஸில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 3 மி.மீ. தக்க ஃபிளின்ட் லென்ஸைச் சேர்த்தால் சிவப்பும் நீலமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் நடுவிலுள்ள பச்சை அவற்றோடு சேர்வதில்லை. குவியத்தொலைவில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மி.மீ., முன்னதாகவே குவிந்துவிடுகிறது. முப்பதில் ஒரு பங்காகக் குறைந்ததே என்று மகிழலாம். ஆனால் எஃப்/4 துளையில் அந்த 0.1 மி.மீ. விலகல் 0.025 மி.மீ. அகலமான மங்கலைத் தரும். முழுச்சட்ட அளவில் 24 மெகாபிக்சல் கொண்ட கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. ஆக, அந்த மிச்சம் நான்கு பிக்சல்களில் பரவிக் கிடக்கும்.

எங்கள் பக்கங்களில் ஊதாவும் பச்சையும் தோன்றியதன் காரணமும் இதுவே. சிவப்பும் நீலமும் ஓரிடத்தில், பச்சை வேறிடத்தில். சிவப்பும் நீலமும் கலந்தால் வருவது ஊதா. குவியத்துக்கு முன்னுள்ள எழுத்தில் ஊதாக்கரை, பின்னுள்ள எழுத்தில் பச்சைக்கரை. ஹால் விட்டுவைத்த மிச்சம் எங்கள் நடுமடிப்பில் வந்து அமர்ந்திருந்தது.

கிரவுன்களையும் ஃபிளின்ட்களையும் எப்படி மாற்றியமைத்தாலும் இந்த மிச்சம் போகவில்லை. காரணம், பழைய கண்ணாடிகள் அனைத்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போன்றவை. வண்ணங்களை மொத்தமாக எவ்வளவு பிரிக்கின்றன என்பதில்தான் வேறுபடும். நீலப் பகுதியை எவ்வளவு, சிவப்புப் பகுதியை எவ்வளவு விரிக்கின்றன என்ற விகிதம் அந்த மொத்த அளவையே சார்ந்து ஒரு கோட்டில் நடக்கும். அந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது.

அதைத் தேடியவர் ஜெர்மனியின் யேனா நகரத்து எர்ன்ஸ்ட் அபே. 1840இல் ஐசனாக்கில் பிறந்தவர். நூற்பாலையில் நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேரத்துக்கும் மேலாக நின்று உழைத்த தந்தையின் மகன். இயற்பியல் பேராசிரியராகி, கார்ல் சைஸின் உருப்பெருக்கி நிறுவனத்தில் பங்காளியானார். லென்ஸ் கணக்கு தாளில் சரியாக வருகிறது, ஆனால் அதற்கேற்ற கண்ணாடி உலகில் இல்லை என்பதே அவர் கண்ட தடை. அத்தடையை நீக்க முன்வந்தவர் ஓட்டோ ஷாட் என்னும் இளம் வேதியியலாளர். போரானையும் பாஸ்பரத்தையும் இன்ன பிறவற்றையும் கலந்து புதுப்புதுக் கண்ணாடிகளை உருக்கினார். 1884இல் யேனாவில் அவர்களது கண்ணாடித் தொழிற்கூடம் நிறுவப்பட்டது.

கண்ணாடி மட்டும் போதவில்லை. ஃபுளோரைட் என்னும் கனிமப் படிகம் அபேக்குக் கைகொடுத்தது. அதன் ஒளிவிலகல் எண் 1.434தான், வண்ணங்களை அது மிகக் குறைவாகவே பிரிக்கும். நிறப்பிரிகையின் குறைவைச் சுட்டும் அளவைக்கு இன்று 'அபே எண்' என்றே பெயர். வழக்கமான கிரவுனுக்கு அது 64, ஃபிளின்டுக்கு 36, ஃபுளோரைட்டுக்கு 95. அதனினும் முக்கியமாக, அது அந்தக் குடும்பக் கோட்டில் நிற்பதில்லை. ஆனால் மாசற்ற படிகம் சிறு துண்டுகளாகவே கிடைத்தது. சுவிட்சர்லாந்து மலைகளில் அதற்காகத் தேடியலைந்தனர். உருப்பெருக்கியின் லென்ஸ் கடுகளவே ஆதலால் சிறு துண்டுகளே போதுமாயின.

1886இல் சைஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த உருப்பெருக்கி லென்ஸ்களுக்கு அபே வைத்த பெயர் அபோகுரோமாட். 'நிறத்தினின்று நீங்கியது' எனலாம். அவர் வகுத்த இலக்கணம் கறாரானது. மூன்று நிறங்கள் ஒரே இடத்தில் குவிய வேண்டும். அதோடு, லென்ஸின் நடுவழியும் ஓரவழியும் வரும் கதிர்கள் ஒரே இடத்தில் சேராத கோளப்பிறழ்ச்சி என்னும் குறையும் இரு நிறங்களுக்காவது நீங்கியிருக்க வேண்டும்.

அபேயைப் பற்றி இன்னொரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. சைஸ் மறைந்த மறு ஆண்டு, 1889இல், அவர் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்; நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கையும் பின்னர் அதற்கே உரிமையாக்கினார். 1900இல் அங்கே எட்டு மணிநேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. நூற்பாலையில் நின்ற தந்தையை மகன் மறக்கவில்லை.

*

உருப்பெருக்கியிலிருந்து கேமராவுக்கு இத்திருத்தம் வந்த வழிகளில் ஒன்று அச்சகத்தின் வழி. இதழாசையுள்ளவர்கள் இதை அறிந்துகொள்ளத்தான் வேண்டும். பல நிற அட்டைப்படம் அச்சிட, மூல ஓவியத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியே படமெடுத்துத் தனித்தனி அச்சுத்தகடு செய்ய வேண்டும். ஒரு நிறத்தின் பிம்பம் மற்றவற்றைவிட இம்மியளவு பெரிதானாலும், மங்கினாலும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. கணினி அங்கே இல்லை. திருத்தம் லென்ஸிலேயே இருந்தாக வேண்டும். புராசஸ் கேமராக்களில் இருந்த அபோ-ஆர்ட்டார், அபோ-ரோனார், அபோ-நிக்கோர் முதலிய லென்ஸ்கள் இதற்கென்றே பிறந்தவை. முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று ஒத்த அமைப்புடையவை. அதனால், அசலின் அளவிலேயே படமெடுக்கும்போது பக்கவாட்டுப் பிறழ்ச்சி தானாகவே இல்லாமலாகிறது. துளை சிறியது, எஃப்/9, எஃப்/11 என்றிருக்கும். அவை அவசரப்படுவதில்லை.

கையில் ஏந்தும் கேமராவுக்கான வழி நீண்டது. பெரிய லென்ஸுக்குப் பெரிய படிகம் வேண்டும். இயற்கையில் அது அரிது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செயற்கை ஃபுளோரைட்டைக் கொண்டு கேனன் நிறுவனம் 1969இல் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. 1975இல் வந்த லைட்ஸின் 180 மி.மீ. அபோ-டெலிட், கனடாவின் மிட்லண்டில் உருவானது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் அதே இடத்தில் குவித்தது. ஃபுளோரைட்டின் இயல்பை ஏறக்குறைய எட்டும் சிறப்புக் கண்ணாடிகள் பின்னர் பெருகின. 2012இல் லைக்கா வெளியிட்ட 50 மி.மீ. அபோ-சம்மிக்ரானின் விலை அமெரிக்காவில் ஏழாயிரம் டாலரைத் தாண்டியது. செல்வந்தரின் பொழுதுபோக்கு என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை.

*

இனி எம் கருத்துக்கு வருவோம்.

மென்பொருளை ஆதரிப்போரின் வாதத்தை நாங்கள் புறந்தள்ளவில்லை. ஏழாயிரம் டாலர் லென்ஸ் வாங்க இயலாதவர் கையில் நல்ல படத்தைக் கொடுத்தது மென்பொருளே. பக்கவாட்டுப் பிறழ்ச்சியைப் பொறுத்தவரை அது செய்வது நேர்மையான திருத்தம் என்று மேலேயே ஒப்புக்கொண்டோம். எங்கள் மறுப்பு, இரண்டாம் வகைக் குறைக்கும் அதே சொல்லை, 'திருத்தம்' என்ற சொல்லை, வழங்குவதன் மீதுதான்.

அபே யேனாவில் அபோகுரோமாட்டை வெளியிட்டதற்கு மறு ஆண்டு, 1887இல், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் வேலையின் இயல்பில் உறவு இருக்கிறது. ஒரு சுவடியில் பிழை இருக்கும். வேறு ஊரில் கிடைத்த சுவடியில் வேறு பிழை இருக்கும். இரண்டையும் எதிரெதிர் வைத்து ஒன்றின் குறையை மற்றொன்றால் தீர்ப்பதே பதிப்பு. கிரவுனையும் ஃபிளின்டையும் சேர்ப்பது அதுதான். சுவடி சிதைந்து, ஒப்பிட வேறு பிரதியும் இல்லையென்றால், நல்ல பதிப்பாசிரியர் அவ்விடத்தில் புள்ளியிட்டு விட்டுவிடுவார். புறநானூற்றில் அத்தகைய இடங்களை நாம் இன்றும் காண்கிறோம். அந்த இடைவெளியை மெழுகி, சிதைவே இல்லாததுபோல் காட்டியிருந்தால் எத்தகைய கேடு விளைந்திருக்கும்? விளிம்பு நிறத்தை வடித்துவிடும் மென்பொருள் அவ்வாறுதான் மெழுகுகிறது. குறை தெரிந்தால் நாம் அதை ஐயத்தோடு பார்ப்போம். குறையின் தடயத்தையே அழித்துவிட்டால் ஐயப்படவும் வழியில்லை. எங்கள் பக்கங்களைப் புதிதாகக் காணும் எவரும், அங்கே ஒருவர் ஒரே மையில் தம்மோடு தாமே முரண்பட்டு எழுதியிருக்கிறார் என்றே கொள்வர்.

அதற்காக, 'அபோ' என்ற சொல் பொறித்த லென்ஸையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. அபே வகுத்த இலக்கணத்தை நிறைவேற்றினால்தான் அப்பெயரை இடலாம் என்று வணிகர்களைக் கட்டுப்படுத்தும் நியதி எதுவும் இல்லை. மலிவான ஜூம் லென்ஸ்களிலும் அச்சொல் பொறிக்கப்பட்டதுண்டு. மறுபுறம், கேனனின் ஃபுளோரைட் லென்ஸ்களின் பெயரில் அச்சொல் இல்லை. பெயரை விட்டுச் சோதனையை நம்பலாம். அச்சடித்த செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, நடு வரியில் குவியம் வைத்து, துளையை முழுவதும் திறந்து ஒரு படம் எடுத்தால் போதும். நடு வரிக்கு முன்னுள்ள எழுத்துகளில் ஊதாவும் பின்னுள்ளவற்றில் பச்சையும் எவ்வளவு ஏறுகின்றன என்று பார்த்தால் லென்ஸின் குணம் தெரிந்துவிடும்.

பழைய நூல்களைப் படமெடுப்போருக்கு ஏழாயிரம் டாலரும் தேவையில்லை. துளையை எஃப்/2இலிருந்து எஃப்/8க்குச் சுருக்கினால் அச்சுவழி மங்கல் நான்கில் ஒரு பங்காகிவிடும்; அதற்குத் தேவை இரண்டு விளக்குகளும் ஒரு முக்காலியும். தாளின்மேல் ஒரு கண்ணாடிப் பலகையை மெல்லப் பதித்தால் மேடும் பள்ளமும் குறையும். அச்சகங்கள் கைவிட்ட புராசஸ் லென்ஸ்கள் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. பெல்லோஸ் ஒன்றில் பொருத்தினால் இந்த வேலைக்கு அவை இன்றும் சளைத்தவையல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலக்கோப்பை அழிக்கக் கூடாது. எங்கள் கைப்பிழைகளுள் பொறுக்க இயலாதது அதுவே. லென்ஸின் குறையும் மென்பொருளின் அறியாமையும் சேர்ந்தும் கூட, மூலம் இருந்திருந்தால் ஊதா மை மீண்டிருக்கும்.

அந்தச் சிற்றிதழின் வேறு பிரதிகள் எங்கேனும் கிடைக்கக்கூடும். தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த இருவர் எழுதிய ஓரங்கள் அவற்றில் இரா. 'நன்று' என்ற சொல்லுக்கு அருகில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது, சாம்பல் நிறத்தில். எழுதியவர் தாமே பின்னாளில் ஐயுற்றாரா, நண்பர் மறுத்தாரா என்று சொல்ல எங்களால் இயலவில்லை.

இப்போது வேறொரு நண்பரின் தொகுப்பைப் படமெடுத்து வருகிறோம். பழைய அபோ-ரோனார் ஒன்று கிடைத்திருக்கிறது. எஃப்/11, இரண்டு விளக்கு, பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மூலக்கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில் உள்ளன. நடுமடிப்பின் அடிப்பள்ளத்தில், மிகப் பெரிதாக்கிப் பார்த்தால், இன்னமும் மெல்லிய பச்சைச் சாயல் ஒன்று தெரிகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறோம்.